கரைத்துக் கொடுத்த காகிதம்

அன்பு மகளுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே சுகம், அங்கே உங்கள் எல்லோருடைய சுகமும் அறிய ஆவல் என்றுதான் உன்னைக் கட்டிக் கொடுத்த நாளிலிருந்து எல்லாக் கடிதத்தையும் தொடங்கி வந்திருக்கிறேன். இந்த முறை அந்த வரியை எழுதப் போனேன், பொய்யாகப் பட்டது, விட்டுவிட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, பயந்துவிடாதே. புத்திதான் பத்து நாளாக இருந்த இடத்தில் இல்லை. நேற்று தேவனாம்பட்டினத்திலிருந்து கடைக்கு வந்த மீனவர் வலைக்கு நூல் கேட்டார். நான் நங்கூரக் கயிற்றை வெட்டிக் கொடுத்தேன். அவர் சிரித்துக்கொண்டே, "இன்னா பாய், திமிங்கலம் புடிக்கவா?" என்று கேட்டுவிட்டு மாற்றி வாங்கிப் போனார். கடிதம் நீளமாகத்தான் இருக்கும். மத்தியானம் உன் மாமி கண் அசந்த பிறகு தனியாக உட்கார்ந்து படி.

நீ எழுதிய கடிதம் போன வெள்ளிக்கிழமை வந்தது. பேத்திக்கு ஆறு வயது முடிகிறது, ஜூன் மாதம் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும், மாமி வேண்டாம் என்கிறார்கள், ஓதக் கற்றுக்கொண்டால் போதும் என்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். அதற்குக் கீழே, "நீங்க இங்க வந்தப்ப சொன்னதத்தான், அத்தா, மாமி புடிச்சிக்கிட்டாங்க. நீங்க ஒரு வார்த்த மாத்திச் சொன்னா கேப்பாங்க" என்று ஒரு வரி. அந்த வரியை நான் எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே தெரியாது. சிதம்பரத்தில் உன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, மாமி கொடுத்த தேநீரைக் குடித்துக்கொண்டு நான் சொன்னது நன்றாக நினைவிருக்கிறது. "பொம்பளப் புள்ளைக்கு வேதத்தோட எழுத்து தெரிஞ்சா போதும். அதுக்கு மேல இன்னா எழுத்து வேணும்?" என்றேன். மாமி தலையாட்டினார்கள். நீ அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாய். உன் வளையல் சத்தம் கேட்டது, அப்புறம் கேட்கவில்லை.

இதே வார்த்தையைத்தான் உனக்குப் பதினோரு வயதாக இருந்தபோது உன்னிடமும் சொன்னேன். ஐந்தாம் வகுப்பு முடித்துவிட்டு, "அத்தா, இன்னும் ஒரு வருசம், ஒரே வருசம்" என்று சாப்பிடாமல் இரண்டு நாள் கிடந்தாய். உன் பள்ளிக்கூட டீச்சரம்மா வெயிலில் கடைக்கே நடந்து வந்து, நல்லாப் படிக்கிற பிள்ளை பாய், நிறுத்தாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். நான் மரியாதையாக ஒரு சோடா வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தேன். எனக்கு அப்போது எந்தக் குழப்பமும் இல்லை. என் வாழ்நாளில் எனக்குத் தெளிவாக இருந்த விஷயங்களில் அது ஒன்று.

இப்போது ஒரு விஷயம் சொல்கிறேன். இதை உன் அம்மாவிடம் சொன்னதில்லை, என் கூடப் பிறந்தவர்களிடம் சொன்னதில்லை. அந்த வேதத்தின் எழுத்து எனக்குத் தெரியாது.

ஆமாம் மகளே. உன் நிக்காஹ் அன்று நான் ஓதியதைக் கேட்டு உன் மாமனார் கண் கலங்கினாரே, அந்த நான்தான். சின்ன வயதில் ஓதப் போகும்போது, எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த பெரியவர் பிரம்பை மடியில் வைத்துக்கொண்டுதான் உட்காருவார். எழுத்துகள் எனக்கு ஒன்றோடொன்று குழம்பும். ஆனால் காது நல்ல காது. பக்கத்தில் இருப்பவன் ஓதுவதை ஒரு தடவை கேட்டால் போதும், ஏற்ற இறக்கத்தோடு அப்படியே திருப்பிச் சொல்லிவிடுவேன். கிதாபை விரித்து வைத்துக்கொண்டு, சுமாரான நேரத்தில் பக்கத்தைப் புரட்டுவேன். குரல் நன்றாக இருந்ததால் யாரும் கண்ணைப் பார்க்கவில்லை. அடிக்குப் பயந்து தொடங்கினேன், பிறகு பாராட்டு பழகிவிட்டது. தமிழ் எழுத்தை முனிசிபல் பள்ளிக்கூடத்தில் ஒழுங்காகக் கற்றேன், ஏனென்றால் அங்கே வாத்தியார் அடிக்கவில்லை. நீ சின்னப் பிள்ளையாக அலிஃப், பே என்று எழுதிய பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து, "இது இன்னா எழுத்து அத்தா?" என்று கேட்பாய். "ஒனக்கு ஓதித் தர்ற லெப்பை வூட்டம்மாகிட்ட கேளும்மா, அவுங்க சொல்றதுதான் முறை" என்பேன். நீ ஓடிப் போய்க் கேட்டு வந்து எனக்குச் சொல்வாய். நான் தெரிந்தவன் மாதிரித் தலையாட்டுவேன்.

உன் அம்மா எனக்கு நேர் எதிர். அவள் வீட்டில் பெண்களைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும் வழக்கமே இல்லை, ஆனால் ஓதும் எழுத்தில் அவள் புலி. அரிசியைக் கருக வறுத்து, ஊறவைத்து, வடிகட்டி மை செய்வாள். அந்த மையில் நாணல் பேனாவைத் தொட்டு எழுதினால் அச்சுப் போட்ட மாதிரி இருக்கும். தமிழில் ஓர் எழுத்துத் தெரியாது. கடலூர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தோம், அவளுக்கு உடம்பு சரியில்லாமல் போன முதல் தடவை. நான் சீட்டு வாங்க வரிசையில் நின்றேன். அவளைப் பெண்கள் பக்கம் போய் உட்காரச் சொன்னேன். திரும்பி வந்து பார்த்தால் இரண்டு கதவுக்கும் நடுவில் முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். தலைக்கு மேலே பலகையில் பெண்கள் என்று பெரிதாக எழுதியிருக்கிறது. "கண்ணு தெரியலியா? இவ்ளோ பெருசா எழுதியிருக்கான்!" என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன். நான் ஓதும் புத்தகத்தைப் பார்த்து நின்றது போலத்தான் அவள் அந்தப் பலகையைப் பார்த்து நின்றாள் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை. இப்போதுதான் தோன்றுகிறது, இருபது வருடம் கழித்து.

அவள் கடைசியாகப் படுத்திருந்தபோது உனக்கு ஐந்து வயது. ஒரு நாள் காலையில் தலையணைக்கு அடியிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தாள். "பத்திரமா வச்சிக்கங்க. இதுல இருக்கிறபடி செய்யுங்க" என்றாள். பிரித்துப் பார்த்தேன். ஒரு பக்கம் முழுக்க அரபு எழுத்து. கண்ணில் ஒற்றி, முத்தமிட்டு, மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் அதை இறைவனிடம் வேண்டிக்கொள்ளும் ஏதோ ஒரு துஆ என்று நினைத்தேன். இதில் இருக்கிறபடி செய் என்றால், இத்தனை தடவை ஓது என்று இருக்கும், யாரிடமாவது கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் அவள் போய்விட்டாள்.

யாரிடம் கேட்பது? பள்ளிவாசலில் தொழவைக்கும் லெப்பையிடம் காட்டினால், "நீங்களே ஓதலாமே பாய்" என்பார். ஊரில் எனக்கு நல்ல பெயர். அதனால் கேட்கவில்லை. நம் வீடுகளில் அந்த எழுத்துள்ள காகிதம் எதுவாக இருந்தாலும் கீழே போட மாட்டோம். ஒரு தடவை பேரீச்சம்பழ மூட்டையில் ஒட்டியிருந்த சீட்டைக்கூட உன் பெரியத்தா கண்ணில் ஒற்றி உத்தரத்தில் செருகி வைத்தார். அதில் பழத்தின் எடைதான் எழுதியிருந்திருக்கும், யார் கண்டது. அந்த மாதிரி வீட்டில் வளர்ந்தவனுக்கு, மனைவி சாகும்போது கொடுத்த காகிதம் வேதமாகத்தான் தெரியும்.

உனக்கு ஏழு வயதில் காய்ச்சல் வந்தது. டாக்டர் கொடுத்த மருந்துக்கும் இறங்கவில்லை. நம் ஆட்கள் பீங்கான் தட்டில் வசனம் எழுதி, தண்ணீர் விட்டுக் கரைத்து நோயாளிக்குக் கொடுப்பார்கள் இல்லையா, அது எனக்கு நினைவு வந்தது. லெப்பையைக் கூப்பிடப் போகவில்லை. உன் அம்மா கைப்பட எழுதியதை விடவா என்று அந்தக் காகிதத்தை எடுத்து, நடுவில் கிழித்து, மேல் பாதியைப் பீங்கான் கிண்ணத்தில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். மை மெல்ல மெல்லக் கலங்கி இறங்கியது. உன்னைத் தூக்கி உட்காரவைத்துக் குடிக்கவைத்தேன். "கசக்குது அத்தா" என்றாய். "அம்மா குடுத்தது, குடிச்சிடு" என்றேன். இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கியது. தெரு முழுக்கச் சொன்னேன். கீழ்ப் பாதியைத் தாமிரக் குழாயில் சுருட்டிப் போட்டு, ஈயம் பூசி அடைத்து, கடை வாசல் மேல்கட்டையில் கட்டித் தொங்கவிட்டேன். மீதி உனக்குத் தெரியும். பதினெட்டு வருடம் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் கடை திறந்தேன். கடலுக்குப் போகிறவர்கள், நம் மார்க்கத்தில் இல்லாதவர்கள்கூட, கயிறு வாங்கிவிட்டு எட்டி அதை ஒரு தடவை தொட்டுவிட்டுப் போவார்கள். நீயும் கல்யாணமாகிப் போகும்போது தொட்டாய்.

சென்ற மாதம் மேல்கட்டையில் கரையான் ஏறிவிட்டது. தச்சர் வந்து கட்டையைப் பெயர்த்தபோது குழாய் கீழே விழுந்து, ஈயம் விட்டுப்போய், காகிதம் வெளியே வந்தது. ஓரமெல்லாம் பொடிந்துவிட்டது. புதுக் காகிதத்தில் எழுதி வாங்கி மறுபடி அடைத்துவிடலாம் என்று பள்ளிவாசலுக்கு எடுத்துப் போனேன். இப்போது புதிதாக வந்திருக்கும் லெப்பை சின்ன வயது, என் குரல்வளத்தைக் கேட்டு மதிப்பவர். அஸர் தொழுகை முடிந்து, கை கால் கழுவும் ஹவுது ஓரமாக உட்கார்ந்திருந்தார். கொடுத்தேன். வாங்கிப் பார்த்தார். புருவத்தைச் சுருக்கினார்.

"பாய், இது வேதம் இல்லியே" என்றார்.

"துஆவா?"

"அதுவும் இல்ல. எழுத்துதான் அரபு, பேச்சு தமிழ். இங்க பாருங்க, இந்த எழுத்துங்களுக்குப் புள்ளி ஜாஸ்தியா இருக்குது. அரபுல இது கெடையாது. நம்ம ஆளுங்க தமிழ எழுதறதுக்காகப் போட்டுக்கிட்டது. எங்க அம்மாகூட இப்படித்தான் எழுதுவாங்க."

அவர் படிக்கத் தொடங்கினார். கிழித்த இடத்திலிருந்து, பாதி வாக்கியத்தில் தொடங்கியது. "…அத நீங்க மனசுல வச்சிக்காதீங்க. இன்னொன்னு. புள்ளைய ஓத வைங்க. ஓதறதோட நிறுத்திடாதீங்க. பள்ளிக்கூடத்துக்கும் அனுப்புங்க, அவ போதும்னு சொல்ற வரைக்கும் அனுப்புங்க. நான் ஆஸ்பத்திரியில நின்ன மாதிரி எம்புள்ள எங்கயும் நிக்கக் கூடாது." வேறு ஒருவருடைய வாயில் உன் அம்மா பேசுவதைக் கேட்டேன். அவள் பேசுகிற மாதிரியே இருந்தது. அடுத்த வரியை அவர் மனசுக்குள் படித்தார். முகம் சிவந்துவிட்டது. காகிதத்தை மடித்து என் கையில் கொடுத்து, "இதுக்கு மேல நான் படிக்கிறது மொறை இல்ல பாய். உங்க வூட்டுக்காரங்க உங்களுக்கு மட்டும் எழுதனது. நீங்களே வூட்ல போயி தனியா படிச்சிக்கங்க" என்றார்.

நான் தலையாட்டினேன். அப்போதும் தலைதான் ஆட்டினேன், மகளே. எனக்குப் படிக்கத் தெரியாது தம்பி, நீங்களே படித்துச் சொல்லுங்கள் என்று அந்தப் பிள்ளையிடம் சொல்ல வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தேன். அவர் நிறுத்திய இடத்துக்குக் கீழே ஏழு வரி இருக்கிறது. எண்ணத் தெரிகிறது, படிக்கத் தெரியவில்லை. அழுதேன்.

அன்றிலிருந்து எனக்கு எதுவும் பிடிபடவில்லை. நீ பிழைத்தது எதனால்? நான் கரைத்துக் கொடுத்தது இறைவனின் வார்த்தை இல்லை, என் மனைவி எனக்குச் சொன்னது. "அத நீங்க மனசுல வச்சிக்காதீங்க" என்றாளே, எதை? நான் அவளைப் பார்த்துக் கத்தியதையா, வேறு ஏதாவதா? அது மேல் பாதியில் இருந்தது. அதை நான் படிக்காமல் உனக்குப் புகட்டிவிட்டேன். கறுத்த அரிசிதானே, உன் வயிற்றுக்கு ஒரு கெடுதலும் வந்திருக்காது என்று ஒரு நேரம் சமாதானம் செய்துகொள்கிறேன். அடுத்த நேரம் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது. பதினெட்டு வருடம் கடல்காரர்கள் அந்தக் குழாயைத் தொட்டுவிட்டுப் போய்ப் பத்திரமாகத் திரும்பி வந்தார்களே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? அவர்களிடம் நான் என்ன சொல்வது?

எதிர்க்கடையில் தைக்கும் அந்தோணியிடம், காகிதத்தைப் பற்றிச் சொல்லாமல், சும்மா பேச்சுக் கொடுத்தேன். அவர்களுடைய கோயிலில் பூசையை இப்போது தமிழில் செய்யத் தொடங்கியிருக்கிறார்கள். "நாப்பது வருசமா சாமியார் லத்தீன்ல சொல்வாரு பாய். ஒரு வார்த்த புரியாது, கண்ணுல தண்ணி மட்டும் தன்னால வரும். இப்ப எல்லாம் புரியுது, அழுகதான் வர மாட்டேங்குது" என்றார். கொஞ்ச நேரம் மெஷினை ஓட்டிவிட்டு, "ஆனா எம்பொண்டாட்டி சாமியார் இன்னா சொன்னாருன்னு இப்பல்லாம் எங்கிட்ட கேக்கறதில்ல. அவளே எனக்குச் சொல்றா" என்றார். அது நல்லதா கெட்டதா என்று அவருக்கே தெரியவில்லை. சிதம்பரத்தில் உன்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிய அன்று பஸ்ஸில் என் பக்கத்தில் அங்கே கோயிலுக்குப் போய்விட்டு வந்த காட்டுமன்னார்கோயில்காரர் ஒருவர் இருந்தார். "உள்ள தீட்சிதர் வடமொழியில சொல்றாங்க, அப்புறம் ஓதுவார் தமிழ்ல பாடறாரு. எது சாமிக்கு, எது நமக்குன்னு தெரியல பாய், ரெண்டுக்கும் கும்பிட்டுட்டு வந்தேன்" என்று சொல்லிச் சிரித்தார். அன்று நானும் சிரித்தேன். நமக்கு அந்தக் குழப்பமே இல்லை என்று பெருமையாகக்கூட நினைத்துக்கொண்டேன்.

நான் சொல்ல வருவதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதே. வேதம் எந்த மொழியில் வந்ததோ அந்த மொழியில்தான் அதை ஓத வேண்டும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்த ஓசை இல்லாவிட்டால் நான் இல்லை. பொருள் தெரியாமல் ஓதியபோதும் மனசு இறங்கி அமைதியாகியிருக்கிறது, அது பொய்யாக இருக்க முடியாது. ஆனால் அதே ஓசையை வைத்து நான் ஊரை ஏமாற்றினேன், அதுவும் பொய்யில்லை. எழுத்தைப் பார்த்துப் பயந்து, அதைக் கண்ணில் ஒற்றி ஒற்றியே அதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்காமல் இருந்துவிட்டேன். நான் வணங்கிய காகிதம், பிள்ளையைப் படிக்க அனுப்பு என்று பதினெட்டு வருடம் என் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டு சொன்னது. அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு உள்ளே போய்த்தான் உன் டீச்சரம்மாவுக்குச் சோடா வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

அதனால் இப்படிச் செய். இந்தப் பத்திக்குக் கீழே நான் பென்சிலால் ஒரு கோடு போட்டிருக்கிறேன். கோடு வரைக்கும் உள்ளதை உன் மாமிக்கும் மாமனாருக்கும் மாப்பிள்ளைக்கும் உரக்கப் படித்துக் காட்டு. எனக்கு ஓதும் எழுத்து தெரியாது என்பதையும் விடாமல் படி. இத்தனை நாள் என் பேச்சைக் கேட்டதே நான் ஓதத் தெரிந்தவன் என்பதால்தான். ஓதத் தெரிந்தவள் சொன்னதை இப்போது கேட்கட்டும். பிள்ளையை ஓதவும் அனுப்புங்கள், ஜூனில் பள்ளிக்கூடத்திலும் சேருங்கள், அவள் போதும் என்று சொல்லும் வரை படிக்கவையுங்கள். என் மானம் கொஞ்சம் போகும், போகட்டும். வருகிற வெள்ளிக்கிழமை லெப்பையிடமும் நானே போய்ச் சொல்லப் போகிறேன்.

கோட்டுக்குக் கீழே உள்ளது உனக்கு மட்டும். உன்னைப் படிக்க விடாமல் நிறுத்தியது தப்பு. என்னை மன்னித்துவிடு என்று நேரில் சொல்ல பஸ் ஏறி வந்திருக்கலாம், உன் முகத்தைப் பார்க்கும் தைரியம் வரவில்லை. அந்தக் காகிதத்தை ஒரு மெல்லிய துணியில் வைத்து இதோடு பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். மெதுவாகப் பிரி, மடிப்பில் பொடிகிறது.

ஒரு விஷயம் மட்டும் என்னைப் போட்டு வாட்டுகிறது. ஒரு நாள் நான் ஓதிக்கொண்டிருந்தபோது உன் அம்மா என்னைப் பார்த்து, "ஓதறப்ப உங்க கண்ணு கிதாபுலயே இல்லியே, ஜன்னல்ல இருக்குது" என்று சிரித்தாள். நான் பேச்சை மாற்றிவிட்டேன். அவளுக்குத் தெரிந்திருக்குமா? தெரிந்துகொண்டே அந்த எழுத்தில் எழுதினாளா? அவளுக்கு வேறு எழுத்து தெரியாதுதான். ஆனால் நீ ஓதக் கற்றுக்கொண்டு ஒருநாள் எனக்குப் படித்துக் காட்டுவாய் என்று நினைத்திருப்பாளோ? அப்படியானால் உன்னை ஏழு வயதில் கூப்பிட்டு, இதைப் படி என்று சொல்லியிருந்தால் போதும். பலகையைத் தூக்கிக்கொண்டு என் முன்னால்தானே நின்றாய்.

லெப்பை நிறுத்திய இடத்தில் ஓரத்தில் பென்சிலால் அடையாளம் வைத்திருக்கிறேன். அதற்குக் கீழே ஏழு வரி. கணவனுக்கு எழுதியதை மகள் படிக்கலாமா என்று தயங்காதே, எனக்கு வேறு யாரும் இல்லை. என்னைத் திட்டியிருந்தால் திட்டை அப்படியே எழுது. கொஞ்சியிருந்தாலும் வெட்கப்படாமல் எழுது. ஒரு சொல்லையும் நீயாக மாற்றாதே. அவள் எழுத்தைப் பார்த்துப் பார்த்து, உனக்கு டீச்சரம்மா சொல்லிக் கொடுத்த தமிழ் எழுத்தில் எழுதி அனுப்பு. அது ஒன்றுதான் எனக்குப் படிக்கத் தெரியும்.

உன் அத்தா